அந்த ஒரு பெட்டியில ஏறினவங்க

நடுவர் ஐயாவுக்கும், சனிக்கிழமை சாயங்காலம் சமூக மன்றத்துக்கு வந்திருக்கற உங்க எல்லாருக்கும் வணக்கம்.

அறிவ வளர்க்கறது பழைய ஆய்விதழா, கைப்பேசியா? எதிரணி தம்பி என்ன சொன்னாரு? 1876ல ஆரம்பிச்ச 'மைண்ட்'னு ஒரு தத்துவ இதழ், அத படிக்கறவங்கள ஒரே எம்ஆர்டி ரயில் பெட்டியில ஏத்திடலாம், அப்பவும் சீட்டு காலியா இருக்கும்னாரு. நீங்களும் கை தட்டினீங்க. சரி தம்பி, வாங்க, அந்தப் பெட்டியிலயே ஏறிப் பாப்போம்.

1905ல பெர்ட்ரண்ட் ரஸ்ஸல்னு ஒரு இங்கிலீஷ் தத்துவ அறிஞர் ஏறுறாரு, வயசு 33, கையில அந்த இதழுக்கு ஒரு கட்டுரை. பிரான்ஸோட இப்போதைய ராஜா வழுக்கைன்னா அது உண்மையா பொய்யான்னு கேக்குறாரு. அங்க ராஜாவே கிடையாது! ராஜாவே இல்லாத நாட்டுல வழுக்கை எங்கேர்ந்து வந்துச்சு? இதழோட ஆசிரியர் ஸ்டௌட் படிச்சுட்டு, இது அபத்தம், இப்படியே போடச் சொல்லாதீங்க, மறுபடி யோசிங்கன்னு கெஞ்சிருக்காரு, ரஸ்ஸலே பின்னாடி எழுதினது இது. ரஸ்ஸல் விடல. கடைசில கட்டுரை வந்துடுச்சு. பின்வரிசைக்குக் கேட்டுச்சா? மறுபடி சொல்றேன். ஆசிரியருக்குப் புடிக்கல, அபத்தம்னு நெனைக்கறாரு, இதழ் அவர் கையில, ஆனாலும் போட்டாரு! நாம என்ன பண்றோம், புடிக்காதவன பிளாக் பண்றோம். மொழித் தத்துவம் படிக்கற யாரும் இன்னிக்கும் அந்தக் கட்டுரைய தாண்டிப் போக முடியாது.

அடுத்த ஸ்டாப், 1950, கம்ப்யூட்டருக்கு அடித்தளம் போட்ட கணித மேதை ஆலன் டூரிங் ஏறுறாரு. மெஷினால யோசிக்க முடியுமான்னு 28 பக்கம், அதே இதழ்ல. தம்பி, ஏஐகிட்ட கேட்டுத்தான் பேச்சு தயார் பண்ணேன்னீங்களே, அந்தக் கேள்வி ஏறி வந்த பெட்டி இதுதான். சீட்டு காலியா இருக்கட்டுமே!

எங்கப்பா சிராங்கூன் ரோடு பக்கம் சின்னக் கடையில பைண்டிங் வேலை பாத்தவரு. நாலு இதழ சேத்து ஒரு வால்யூமா தைச்சு, துணி ஒட்டி, முதுகுல தங்க எழுத்து. இங்கிலீஷ் தெரியாது, நம்பர் தெரியும், பக்கத்த எண்ணிக்கிட்டே இருப்பாரு. ஒருநாள் ராத்திரி ஒரே ஒரு பக்கம் மாறிடுச்சுன்னு மொத்தத் தையலையும் பிரிச்சாரு. யாருப்பா பாக்கப் போறான்னேன். "அந்தப் பக்கத்தத் தேடி ஒருத்தன் வருவாம்மா"ன்னாரு.

கடை மூடி ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவர் கட்டின வால்யூம் ஒண்ணு இருந்துச்சு, அட்டை வெளுத்துப் போயி. திறந்துகூட பாக்கல. முதுகுல கட்டைவிரலால மேலேர்ந்து கீழ வரைக்கும் தடவினாரு.

"தையல் விடலம்மா"ன்னாரு.

வணக்கம்.