பாயாசம் வேண்டுமா, சோற்றில் ஒரு கரண்டியைக் குறையுங்கள்

நாகர்கோவில் வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

லீவு விட்டாச்சு. கன்னியாகுமரி லாட்ஜ்களில் இடம் கிடைப்பதில்லை, படகுத்துறையில் காலையிலேயே வரிசை வளைந்து நிற்கிறது, நம்ம வீடுகளிலும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். அப்படி வருகிற குடும்பத்தில் பெரும்பாலும் ஒருவருக்காவது சுகர் இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது, இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் விளிம்பில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் நம்ம அப்பா, அம்மா, சித்தி, மாமா எல்லாரும் அடக்கம். ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்: ஊர் சுற்ற வந்த இடத்தில், ஹோட்டலில், கடையில், சுகர் உள்ளவர் எந்த இனிப்பைச் சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம்.

உணவு ஆலோசகராக இருப்பதால் லீவு நெருங்கும்போதெல்லாம் என்னிடம் வரும் முதல் கேள்வி இதுதான். வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் இரண்டு நாள் எதையும் தொடமாட்டார், பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிடும்போது எழுந்து வெளியே போய் நிற்பார், மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவார். இன்னொருவர் 'டூர் வந்த இடத்தில் என்ன கணக்கு, ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொண்டால் ஆச்சு' என்பார். இந்த இரண்டாவது ஆளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயம். மாத்திரையை நாமாகக் கூட்டுவது மிக ஆபத்தானது, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

நான் சொல்லும் பதில்: சாப்பிடலாம். ஆனால் அந்த இனிப்பு சாப்பாட்டுக்கு மேலே கூடுதலாக வரக்கூடாது, சாப்பாட்டில் எதையாவது குறைத்துவிட்டு அந்த இடத்தில் வர வேண்டும்.

நம்ம பக்கத்து இலைச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். பருப்புக்கு ஒரு தடவை சோறு, சாம்பாருக்கு ஒரு தடவை, புளிசேரிக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று விழுந்துகொண்டே இருக்கும். வெந்த சோறு ஒரு கப், அதாவது சுமார் 150 கிராம், அதிலேயே 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. இப்படி இரண்டு, மூன்று கப் உள்ளே போன பிறகு அடைப்பிரதமனோ சக்கைப்பிரதமனோ, அதாவது வெல்லப் பாயாசம், வருகிறது, அதில் ஒரு பப்படத்தை நொறுக்கி, ஒரு மட்டி வாழைப்பழத்தையும் பிசைந்து, கடைசியில் பால் பாயாசத்தில் போளியையும் முக்கினால், எந்த மாத்திரையாலும் தாங்க முடியாது. ஆனால் பழி மட்டும் பாயாசத்தின் மேல் விழும்! மூன்று கப் சோற்றை யாரும் குற்றம் சொல்வதில்லை.

அதனால் இலையில் உட்காரும்போதே முடிவு பண்ணிவிடுங்கள். இன்றைக்குப் பிரதமன் சாப்பிடப் போகிறேன் என்றால் சோறு ஒரு கப்புக்குள், மோருக்குத் தனியாகச் சோறு வேண்டாம், மோரை அப்படியே குடித்துக்கொள்ளலாம். முதலில் அவியல், துவரன், கூட்டு, மீன் இருந்தால் மீன், இவற்றைச் சாப்பிடுங்கள். காய்கறியும் புரதமும் முதலில் போய், சோறும் இனிப்பும் கடைசியில் போனால் ரத்தச் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது, இது சோதித்துப் பார்த்த விஷயம். பாயாசம் அரைக் கரண்டி, சின்னக் கிண்ணத்தில். பழத்தைப் பிசைய வேண்டாம், போளி வேண்டாம். பரிமாறுகிறவரிடம் கூச்சப்படாமல், 'அண்ணே, எனக்கு அரைக் கரண்டி மட்டும் போதும், சுகர் இருக்கு' என்று சொல்லுங்கள். நம்ம ஊர்ப் பந்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், போதும் என்று கையை இலைக்கு மேல் நீட்டினாலும் விரலுக்கு இடையில் ஊற்றிவிட்டுப் போவார்கள், அவ்வளவு அன்பு. அதனால் முன்கூட்டியே சொல்வதுதான் வழி. பிரதமனா பால் பாயாசமா, எது நல்லது என்று கேட்கிறார்கள், ஒன்றில் வெல்லம், ஒன்றில் சீனி, சுகருக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது, பிடித்ததைச் சாப்பிடுங்கள்.

இப்போது கருப்பட்டிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்க்கிறவர்களில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் கருப்பட்டிக் காப்பி என்று போர்டு. வெளியூரிலிருந்து வருகிறவர், 'இது இயற்கை, இது சுகரை ஏற்றாது' என்று நம்பி ஒரு நாளைக்கு நாலு தம்ளர் குடிக்கிறார், போகும்போது வீட்டுக்கும் இரண்டு கிலோ வாங்கிப் போகிறார். பனையேறிகள் உயிரைப் பணயம் வைத்து இறக்குகிற அக்கானியில், அதாவது பதநீரில், காய்ச்சிய கருப்பட்டி, அதன் மணம், ருசி, அதில் உள்ள தாதுக்கள் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை, நம்ம மாவட்டத்தின் பெருமை அது. ஆனாலும் அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். தாதுக்கள் இருந்தாலும் ஒரு தம்ளர் காப்பியில் விழுகிற அளவுக்கு அவற்றால் வரும் பலன் மிகச் சொற்பம். ஆகவே சீனிக்குப் போடும் கணக்கைக் கருப்பட்டிக்கும் போடுங்கள், பனங்கற்கண்டுக்கும் போடுங்கள். மார்த்தாண்டம் தேனுக்கும் அதே கணக்குதான், தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. தேன் நெல்லி என்று கண்ணாடிப் பாட்டிலில் அழகாக வைத்திருப்பார்கள், நெல்லிக்காய் நல்லதுதான், அது ஊறிக்கிடக்கிற பாகு அப்படி இல்லை.

அந்த அக்கானியும் இதே வரிசைதான். 100 மில்லிக்கு 10 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும், ஒரு பெரிய தம்ளர் குடித்தால் நாலைந்து ஸ்பூன் சீனி குடித்ததற்குச் சமம். ருசி பார்க்க இரண்டு வாய் குடியுங்கள், மீதியைப் பக்கத்தில் நிற்கிற பேரனுக்குக் கொடுங்கள்.

சரி, எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறாரே, வேறு என்னதான் சாப்பிட என்று கேட்பீர்கள். அதே பனையிலிருந்துதான் பதிலும் வருகிறது, நுங்கு. கோடையில் நம்ம மாவட்டத்துச் சாலை ஓரத்தில் குலை குலையாக வைத்து வெட்டிக்கொண்டிருப்பார்கள். இளம் நுங்கில் பெரும்பகுதி தண்ணீர், சர்க்கரை குறைவு, குளிர்ச்சி, வயிறும் நிறையும். வெட்டி அப்படியே தோண்டிச் சாப்பிட வேண்டும். நுங்கு சர்பத், நன்னாரி சர்பத், குலுக்கி சர்பத் என்று கேட்டீர்களானால் அதில் ஊற்றுவது முழுக்கச் சீனிப்பாகு, நுங்கு பேருக்குத்தான் மிதக்கும்.

இளநீரும் நல்ல தேர்வு, ஒன்று குடித்தால் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை, ஒரு நாளைக்கு ஒன்று போதும். உள்ளே உள்ள வழுக்கையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், என்னைக் கேட்டால் அதைவிட நல்ல புட்டிங் எந்த ஹோட்டலிலும் கிடையாது. ஹோட்டலில் இளநீர் புட்டிங் என்று வருவதில் கண்டென்ஸ்டு மில்க் சேர்த்திருப்பார்கள், அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு எச்சரிக்கை: சுகரால் சிறுநீரகம் பாதித்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக்கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

பழங்களில் நாம் கொடுத்துவைத்தவர்கள். நம்ம மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். அது விரல் நீளம்தான், அதனால் சாப்பாட்டில் வேறு இனிப்பு இல்லாத அன்றைக்கு ஒன்று தாராளமாகச் சாப்பிடலாம். ஏத்தன்பழமும் (நேந்திரன்) செந்துளுவனும் (செவ்வாழை) அப்படி இல்லை, ஒரு முழு ஏத்தன்பழத்தில் ஒரு கப் சோற்றுக்குச் சமமான மாவுச்சத்து இருக்கும், காலையில் புட்டோடு சாப்பிடுவதென்றால் பாதிப் பழம், புட்டும் பாதி, கூடவே கடலைக்கறியோ பயறோ இருக்கட்டும். பழம் பஜ்ஜி வேண்டாம், மைதாவும் எண்ணெயும் சேர்ந்துவிடுகிறது. சக்கைப்பழம், அதாவது பலாப்பழம், இரண்டு சுளை. திற்பரப்பு அருவிக்குப் போகிறவர்கள், அங்கே அன்னாசியில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுப்பார்களே, அதில் இரண்டு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள், இனிப்பு ஆசை அதிலேயே அடங்கிவிடும். கொய்யா கிடைத்தால் இன்னும் நல்லது, நார்ச்சத்து அதிகம். ஜூஸ் மட்டும் வேண்டாம், சீனி போடாவிட்டாலும் நாலு பழத்தின் சர்க்கரை நாரில்லாமல் ஒரே மூச்சில் உள்ளே போகும். ப்ரூட் சாலட் கேட்டால் கஸ்டர்டு, பாகு, டூட்டி ஃப்ரூட்டி, மேலே ஐஸ்கிரீம் என்று வரும், 'வெறுமனே பழம் நறுக்கித் தாங்க' என்று கேளுங்கள், தருவார்கள்.

பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் கடைக்குள் போய்விட்டால்? 100 மில்லி வெனிலா கப் ஒன்று எடுங்கள், அதில் சுமார் 12 முதல் 15 கிராம் மாவுச்சத்து. பலூடா, சன்டே இவற்றில் அதைப் போலப் பல மடங்கு. வெளியே போய்த் தனியாக நிற்பதைவிட, பேத்தியோடு உட்கார்ந்து ஒரு சின்னக் கப் சாப்பிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

சுகர் ஃப்ரீ ஸ்வீட் என்று பேக்கரியில் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள். சீனி இல்லை, சரி, மாவு இருக்கிறது, நெய் இருக்கிறது, சிலவற்றில் பேரீச்சம்பழம் இருக்கிறது. சீனிக்குப் பதிலாக மால்டிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்ததாக இருந்தால் நிறையச் சாப்பிடும்போது வயிறு உப்பி, பேதியாகவும் ஆகலாம், பயணத்தில் அது பெரிய அவஸ்தை. ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

கோயில் பிரசாதத்தைப் பற்றியும் கேட்பார்கள். மண்டைக்காட்டில் மண்டையப்பம், வேறு கோயில்களில் பாயாசம், அரவணை. மறுக்க மனசு வராது, மறுக்கவும் வேண்டாம். ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு மீதியைக் கூட வந்தவர்களுக்குப் பங்கு வையுங்கள், பிரசாதம் பங்கிடத்தானே.

முடிந்தால் சுகர் பார்க்கிற சின்ன மெஷினையும் எடுத்து வாருங்கள். சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பொதுவாக 180-க்குள் இருக்க வேண்டும், உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்கு. எந்தச் சாப்பாடு உங்கள் உடம்பில் எவ்வளவு ஏற்றுகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுக்காமல் ஒரு 15 நிமிஷம் கடற்கரைப் பக்கம் நடந்தாலும் சுகர் நன்றாகவே குறையும்.

இவ்வளவு நேரம் சுகர் ஏறுவதைப் பற்றிப் பேசினேன், இறங்குவதுதான் உடனடி ஆபத்து. விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறோம், கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்த பிறகு கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். காலையில் இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ போட்டுவிட்டு வெயிலில் நிற்கும்போது சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும், சில பேருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். சுகர் 70-க்குக் கீழே போயிருக்கலாம். அப்போது 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், 15 நிமிஷத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். சாக்லேட்டும் ஐஸ்கிரீமும் அந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சீனியோ மிட்டாயோ கருப்பட்டியோ அவசரத்துக்குக் கை கொடுக்காது, ஏனென்றால் அந்த மாத்திரையின் வேலையே சீனி உடைந்து குளுக்கோஸ் ஆவதைத் தாமதிப்பதுதான். அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பி இன்றைக்கே பேரைப் பாருங்கள், குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றைச் சட்டைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் வைத்து லாட்ஜில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கடைசியாக, கேட்டுக்கொண்டிருக்கிற ஹோட்டல்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டீக்கடையில் 'வித்தவுட்' என்று ஒரு வார்த்தை சொன்னால் சீனி இல்லாத சாயா வருகிறது, யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதே வசதியை உங்கள் மெனுவிலும் செய்து கொடுங்கள். பாயாசத்துக்கு 50 மில்லி கிண்ணம் ஒன்று வையுங்கள், குறைந்த விலையில். நறுக்கிய கொய்யா, அன்னாசி, சீசனில் நுங்கு, இளநீர் வழுக்கை, இவற்றை ஜூஸ் பக்கத்தில் ஒளித்து வைக்காமல் இனிப்பு வரிசையிலேயே எழுதிப் போடுங்கள். இந்தப் பொருள் எல்லாம் உங்கள் கடையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் விளைகிறது, வடசேரிச் சந்தையில் காலையில் கிடைக்கிறது. ஒரு மாசம் வைத்துப் பாருங்கள், சுகர் உள்ளவர்கள் மட்டுமா வாங்குகிறார்கள் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

நன்றி, வணக்கம்.