சைக்கஸ் போலிருக்கும், சைக்கஸ் இல்லை

நண்பர்களே, என் கையில் இருப்பது காலையில் பூக்கடையில் வாங்கிய இலை. பூங்கொத்துக்குப் பின்னால் செருகுவார்களே, அந்த சைக்கஸ்.

கிட்டத்தட்ட இதே வடிவில், இதைவிடச் சின்னதாக, ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளில் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. ஆமாம், கார் தொழிற்சாலைகள் இருக்கும் அதே ஊர்தான். நடுவில் ஒரு காம்பு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் போலச் சிற்றிலைகள். பெயர் டிலோஃபில்லம். வயது பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல். பார்த்தவுடன் யாரும் "அட, சைக்கஸ்!" என்பார்கள். 19ஆம் நூற்றாண்டு நிபுணர்களும் அப்படித்தான் ஏமாந்தார்கள்.

குட்டை உடைத்தது இலையின் மேல்தோல். சில புதைபடிவங்களில் இலை கரியாகிப் போனாலும் மேலே இருந்த மெழுகுப் படலம் தப்பிவிடும். அமிலத்தில் ஊறவைத்து, அப்புறம் காரத்தில் கழுவினால் கரி கரைந்து, கண்ணாடித் தாள் மாதிரி அந்தப் படலம் மட்டும் மிஞ்சும். 1913இல் ஹாம்ஷா தாமஸும் நெல்லி பான்கிராஃப்டும் இப்படிப் பல இலைகளை ஒப்பிட்டார்கள். சைக்கஸில் தோல் செல்களின் சுவர் பெரும்பாலும் நேராக இருக்கும், டிலோஃபில்லம் போன்றவற்றில் நெளிநெளியாக. இலைத்துளையைச் சுற்றியுள்ள செல்களின் அமைப்பும் வேறு. ஆக, இது தனிக் குலம்: பென்னடைட்டேல்ஸ். சைக்கஸில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; இந்தக் குலத்திலோ ஒரே பூங்கூம்பில் இரண்டும் சேர்ந்திருந்த செடிகளும் உண்டு.

இன்னொரு சிக்கல், புதைபடிவம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். தண்டுக்கு ஒரு பெயர், இலைக்கு ஒரு பெயர், பூவுக்கு ஒரு பெயர். தாவரப் புதைபடிவ ஆய்வாளர் பீர்பால் சாஹ்னி, ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் கிடைத்த துண்டுகளை ஒன்றுசேர்த்து, 1932இல் ஒரு முழு மரத்தையே நிறுத்திக் காட்டினார். வில்லியம்சோனியா சீவார்டியானா என்று, கேம்பிரிட்ஜில் தனக்குப் பாடம் சொன்ன சீவார்டின் பெயரை அதற்கு வைத்தார். இந்தியத் தாவரவியலில் எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான்.

சரி, அந்தக் குலம் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸோடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. சைக்கஸ் மிஞ்சியது. அதனால் இதை 'வாழும் புதைபடிவம்' என்கிறார்கள்; எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. குலம் பழையதுதான். ஆனால் இன்றுள்ள சைக்கஸ் இனங்களில் பெரும்பாலானவை சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்குள் கிளைத்தவை என்று 2011இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

வெளியே மேசையில் நுண்ணோக்கி இருக்கிறது. இந்த இலையின் தோலை உரித்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் பென்னடைட்டேல்ஸ் தோலின் படம். டீ குடிக்கப் போகும்போது செல் சுவர்களைப் பாருங்கள்.