அன்னப்பறவையும் கிளை நூலகமும்

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அய்யா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நம் வட்டத்தின் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மகளிர் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்து உதவிய அன்பர் அவர்களே, மழையைப் பார்க்காமல் குடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசைப் பிள்ளைகளே!

நீதிபதி அய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். பதவியில் இருந்த காலத்திலும் மாலையில் நம் நூலகத்துக்கு நடந்து வந்து, பெஞ்சில் எல்லோரோடும் நெருக்கி உட்கார்ந்து பேப்பர் படித்தவர். யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "நீங்க படிங்க" என்று கையைக் காட்டிவிட்டுத் தூணோரம் நின்றே படிப்பார். மாமன்ற உறுப்பினர் அம்மாவுக்கும் நன்றி. நம் தெருவில் மழைநீர் வடிகால் வேலையை நின்று முடித்துக் கொடுத்தவர். அவரிடம் இன்று இன்னொரு வேலையும் கேட்கப் போகிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு பொது அறிவு. வரலாறு, புராணம், தத்துவம், இயற்கை என்று நான்கையும் தொட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய கடல்தான். ஆனால் என் வீட்டில் அடிக்கடி காதில் விழுந்த பழமொழி ஒன்று உண்டு. கண்டது கற்கப் பண்டிதன் ஆவான். என் அம்மா கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் தாளைப் படிப்பார், அப்புறம்தான் கடலை. அந்தப் பழமொழியைப் பிடித்துக்கொண்டே பேசிவிடுகிறேன்.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். நாம் தினமும் மின்சார ரயிலில் கடக்கிற பல்லாவரம். 1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். பாறையும் மண்ணும்தான் அவர் பாடம், மனித வரலாறு அல்ல. ஆனால் ஐரோப்பாவில் ஆற்றுப் படுகைகளில் ஆதிமனிதர் செதுக்கிய கல்லாயுதங்கள் கிடைத்த செய்தியை அவர் படித்திருந்தார். படித்திருந்ததால்தான் இரண்டு பக்கமும் சில்லு சில்லாகத் தட்டி எடுத்த அந்தக் கல் வெறும் கல் இல்லை, கைக்கோடாரி என்று அவர் கண்ணுக்குப் பட்டது. இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். அதே கல்லை எத்தனை பேர் மிதித்துப் போயிருப்பார்கள்! அதே ஆண்டிலேயே, திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் இப்படிப்பட்ட கருவிகள் கிடைத்தன. அங்கே பின்னாளில் நடந்த அகழாய்வு, மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று சொன்னது. தன் துறைக்கு வெளியே படித்த ஒரு மனிதரால் இந்த நாட்டின் வரலாறே பல லட்சம் ஆண்டு பின்னால் போனது. கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஃபூட் சேர்த்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பரங்கிமலையைப் பற்றியும் நிறையச் சொல்லலாம். 1802-ல் லாம்டன் என்ற நில அளவையாளர் அங்கே எஃகுச் சங்கிலியை நீட்டி நிலத்தை அளக்கத் தொடங்கிய வேலைதான், வளர்ந்து வளர்ந்து இமயம் வரை போய் எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது. அதை விரித்தால் பொழுது போதாது. புராணத்துக்கு வருகிறேன்.

புராணம் என்றதும் எனக்கு ஒரு கல்யாண வீடு ஞாபகம் வரும். நம் பகுதியில்தான் நடந்தது. மணமேடையில் தெர்மாகோலில் இரண்டு அன்னப்பறவைகள் செய்து, கழுத்தைக் கழுத்தோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. பெண்ணுக்குப் பெரியப்பாவும் மாப்பிள்ளையின் தாய்மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலை. பெரியப்பா மேடையைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்து அன்னம் பாலையும் தண்ணியையும் கலந்து வெச்சா பாலை மட்டும் குடிக்குமாம், சம்பந்தி" என்றார். தாய்மாமா ஆவின் பால் கொள்முதலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் விடுவாரா? "சம்பந்தி, பாலிலேயே நூத்துக்கு எண்பத்தேழு பங்கு தண்ணிதான். அன்னம் தண்ணியை ஒதுக்கிட்டா அது குடிக்க என்ன மிச்சம் இருக்கும்?" என்றார்.

அவ்வளவுதான், பந்தி இரண்டாகப் பிரிந்துவிட்டது. பெண் வீட்டார் எல்லாம் அன்னத்தின் பக்கம், மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் ஆவின் பக்கம். பால் பாயசம் வந்தது. பெரியப்பா அதைக் காட்டி, "இதுல எவ்வளவு தண்ணின்னு அன்னம் இருந்தா சொல்லிடும்" என்று சொல்லிவைக்க, கரண்டியோடு நின்ற சமையல் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "அய்யா, எங்க பாயசத்துல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது, என் தொழில் மேல ஆணை" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பையன் கைபேசியைத் தட்டிப் பார்த்து, "தாத்தா, ஒரு இடத்துல பிரிக்கும்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல பிரிக்காதுன்னு போட்டிருக்கு" என்றான். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். கடைசியில் பெண்ணின் அத்தை வந்து, "ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க. நாளைக்கு லைப்ரரிக்குப் போய்ப் பார்த்துக்கோங்க" என்று சொல்லித்தான் இலையை எடுத்தார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் நிஜமாகவே வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். நூலகர் அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய் மூன்று அலமாரிகளிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். முதலில் நாலடியாரைப் புரட்டினார்:

கல்வி கரையில கற்பவர் நாள்சில
மெல்ல நினைக்கின் பிணிபல தெள்ளிதின்
ஆராய்ந்து அமைவுடைய கற்பவே நீரொழியப்
பாலுண் குருகின் தெரிந்து.

தண்ணீரை விட்டுப் பாலை மட்டும் உண்ணும் பறவையைப் போல, நல்லதை ஆராய்ந்து படி என்கிறது பாட்டு. பெரியப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா, நாலடியாரே சொல்லுது!" அடுத்து பால் பதனத்தைப் பற்றிய புத்தகம். பாலில் கொழுப்பு நுண்ணிய துளிகளாக மிதக்கிறது, சர்க்கரை கரைந்திருக்கிறது, புரதமும் நீரில் விரவிக் கிடக்கிறது, எந்தப் பறவையாலும் அதைப் பிரித்துக் குடிக்க முடியாது. இப்போது தாய்மாமாவுக்கு முகம் மலர்ந்தது. மூன்றாவது, பறவைப் புத்தகம். வாத்து இனப் பறவைகளின் அலகோரத்தில் சீப்புப் பல் போல வரிசை இருக்கும். தண்ணீரோடு சேர்த்து வாயில் எடுத்து, தண்ணீரை ஓரத்தில் வடித்துவிட்டு இரையை மட்டும் விழுங்கும் வாத்துகள் உண்டு. பழைய புலவர்கள் குளக்கரையில் நின்று பார்த்தது இதுவாகவும் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

அதே பக்கத்தில் வரித்தலை வாத்து. வடமொழி நூல்களின் அன்னம் இதுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி நம் நெல்லைச் சீமைக் கூந்தன்குளம் வரை வருகிற பறவை. 7,000 மீட்டருக்கும் மேலே அது பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே காற்றே மெலிந்திருக்கும். இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் இறுகப் பிடித்துக்கொள்கிற விதமாக அதன் ரத்தம் அமைந்திருக்கிறது. இரண்டு பெரியவர்களும் ஒரே புத்தகத்தின் மேல் தலையைக் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள். பாலை மறந்துவிட்டார்கள். பிறகு இருவருமே பணம் கட்டி நூலகப் புரவலர்கள் ஆனார்கள். அதற்கப்புறம் சம்பந்தி வீட்டுச் சண்டை எல்லாம் அந்த மேஜையில்தான்!

புராணம், அறிவியல், இலக்கியம் மூன்றும் அரை மணி நேரத்தில் ஒரே மேஜைக்கு வந்தன. கண்டது கற்கலாம் என்றால், கண்ணில் படும்படி புத்தகம் இருக்க வேண்டும் அல்லவா? கைபேசியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் கேட்ட கேள்வியைக் காதால் கேட்டு, இந்த மூன்றும்தான் இதற்கு என்று எடுத்துத் தருகிற மனிதர் அதில் இல்லை.

தத்துவம் பற்றிச் சொல்ல வேண்டும். மணிமேகலையின் இருபத்தேழாவது காதையில், வஞ்சி மாநகரில் அவள் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொரு சமயக்காரரிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். தனக்கு ஒவ்வாதவர் சொல்வதையும் நின்று கேட்கிறாள். தன் அறத்தைத் தேடுகிற பெண், முதலில் எல்லார் அறத்தையும் கேட்டுவிடுகிறாள். ஒரு சாங்கியரையும் ஆசீவகரையும் வைசேடிகரையும் நம் தெருப்பிள்ளை இன்று எங்கே போய்க் கேட்கும்? அலமாரியில்தான் கேட்க முடியும். அந்த அலமாரி இப்போது எங்கே இருக்கிறது?

இதைச் சொல்லத்தான் வந்தேன். மழை ஒழுகுகிறது, கட்டடம் பழுது என்று நம் கிளை நூலகத்தைப் பூட்டினார்கள். பழுது உண்மைதான், பூட்டியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் புத்தகங்களைச் சாக்கில் கட்டி மாடியில் ஓர் அறையில் போட்டார்கள். இப்போது ஒரு சின்ன அறையில் இரண்டு பெஞ்சு, நான்கு பேப்பர், அதுவும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புகிற நேரத்துக்குள் மூடிவிடுகிறார்கள். போன மாதம் அனுமதி வாங்கி மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு சாக்கின் வாயைப் பிரித்ததும் மேலே இருந்தது அந்தப் பறவைப் புத்தகம். அட்டை ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. வரித்தலை வாத்து இருந்த பக்கத்தின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. படம் மட்டும் மிச்சம் இருக்கிறது.

இது தர்மத்துக்கு நடக்கிற காரியம் இல்லை, அன்பர்களே. உங்கள் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நூறு ரூபாய் வரி கட்டினால் அதோடு பத்து ரூபாய் நூலகத்துக்குக் கட்டுகிறோம். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் கொடுத்த ஏற்பாடு இது. விடுதலைக்குப் பின் இந்த நாட்டில் வந்த முதல் நூலகச் சட்டம். அன்றைக்குக் கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. சாக்கில் கட்டிவைப்பதற்கு அல்ல. நான்காவது விதி வாசகரின் நேரத்தைப் பற்றியது. அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு மாட்டு வண்டி போன இடத்துக்கு இன்று நாம் போக முடியாதா?

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது நமக்கெல்லாம் பெருமை. எழும்பூரில் 1896 முதல் கன்னிமாரா இருக்கிறது, அதுவும் பெருமை. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை டியூஷன் முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி அங்கே போக முடியாது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது நடந்துபோகிற தூரத்தில் ஒரு திறந்த கதவு.

இயற்கையைப் பற்றி, முக்கியமாக நம் கடற்கரைக்கு முட்டையிட வருகிற பங்குனி ஆமைகளைப் பற்றிச் சொல்வதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு என்பது வரைக்கும் இப்போது சொல்லிவைக்கிறேன், பிள்ளைகளே. மீதியை நூலகம் திறக்கிற அன்று அங்கேயே வந்து பேசுகிறேன்.

மாமன்ற உறுப்பினர் அம்மாவிடம் நாங்கள் கேட்பது இதுதான். கட்டடத்தைப் பழுது பார்க்கும் வேலையை மன்றக் கூட்டத்தில் எழுப்புங்கள். அது முடிகிற வரை பள்ளியில் ஒரு பெரிய அறையைத் தருவதாகத் தலைமையாசிரியை அம்மா வாய்ச்சொல்லாகச் சம்மதித்திருக்கிறார். அதற்கு எழுத்தில் அனுமதி வாங்கித் தாருங்கள். இரவு எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். அந்தச் சாக்குகள் அடுத்த மழைக்குள் கீழே இறங்க வேண்டும்.

கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்று நம்புகிற எல்லோரும் வாசலில் இடது பக்கம் போட்டிருக்கும் மேஜைக்கு வாருங்கள். மனு அங்கே இருக்கிறது. பெயரோடு தெருவும் கதவு எண்ணும் எழுதுங்கள். சொத்து வரி ரசீதின் நகல் கொண்டுவந்தவர்கள் அதையும் பின்னால் இணைத்துவிடுங்கள். புத்தகங்களை இறக்கித் துடைத்து அடுக்க வரக்கூடிய இளைஞர்கள் தனித்தாளில் பெயர் கொடுங்கள். நீதிபதி அய்யா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பேனா இங்கே இருக்கிறது, அய்யா.

நன்றி, வணக்கம்.