குட்டி வெள்ளரி போகும் வழி

தர்மபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் தக்காளி விலை சரிந்தால் பறிப்புக் கூலிகூடத் தேறாது. "வெளிநாட்டுக்கு அனுப்ப வழியே இல்லையா?" என்று அப்போதெல்லாம் விவசாயிகள் கேட்பார்கள். வழி இருக்கிறது. நம் பக்கத்துக் காய் ஒன்று ஏற்கெனவே அதில் போய்க்கொண்டிருக்கிறது: கெர்கின் என்கிற குட்டி வெள்ளரி.

நம் வீடுகளில் இதை யாரும் சமைப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஒப்பந்த சாகுபடியாகத் தொடங்கி, அப்புறம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2020-21இல் இந்தியாவின் வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதி 20 கோடி டாலரைத் தாண்டியது. பயிரிடுபவர்கள் பெரும்பாலும் சிறு விவசாயிகள்.

கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்று பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். காய் சிறுத்தால் விலை கூடும். ஒரு நாள் பறிக்காமல் விட்டால் விரல் பருமனில் இருந்தது பெருத்து, தரம் இறங்கிவிடும். அதனால் தினமும் குனிந்து, சுணை உறுத்தும் இலையை விலக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். இந்த வேலை பெண்களின் கைப்பழக்கத்தில்தான் நிற்கிறது. பறிப்புக் கூலியில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம் என்பேன்.

கெர்கின் உப்புநீரிலோ வினிகரிலோ ஊறிக் கப்பலேறுகிறது. ஆனால் வெண்டை, பாகல், பச்சை மிளகாய் வாடாமல் போய்ச் சேர வேண்டும், அதற்கு விமானம்தான் வழி. ஓசூருக்குப் பக்கத்திலேயே பெங்களூரு இருப்பதால் விமானத்துக்குக் குறைவில்லை. சிக்கல் வயலில்தான். 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் நம் கத்தரி, பாகல், புடலை, சேம்பு நான்கையும் மாம்பழத்தோடு சேர்த்துத் தடுத்தது. சரக்கில் பழ ஈ போன்ற பூச்சிகள் இருந்ததுதான் காரணம். மாம்பழத்துக்கு அடுத்த ஆண்டே தடை நீங்கியது. காய்கள் இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காயில் தங்கும் பூச்சிமருந்து எச்சத்திலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதே கண்டிப்பு. தனி வரம்பு வகுக்காத மருந்துக்கு அவர்கள் விடுவது கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பக்கத்து வயலில் அடித்தது காற்றில் வந்து படிந்தாலே ஆபத்து. ஆகவே ஒருவர் மட்டும் கட்டுப்பாடாக இருந்து பயனில்லை, சுற்று வட்டாரமே சேர வேண்டும். விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விதை, உரம் விற்பதோடு நின்றுவிடாமல் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இந்தப் போகத்திலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு, அதன் பிறகு எத்தனை நாள் கழித்துப் பறித்தோம் என்று எழுதி வையுங்கள். ஏற்றுமதியாளரிடம் போகும்போது காயோடு அந்த நோட்டையும் கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.