வெள்ளை டியூபை மூடி வையுங்கள்: கஞ்சன்ஜங்காவும் என் நாற்பது வெள்ளிப் பெட்டியும்

வணக்கம், வணக்கம். இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் எரிச்சலில் இருக்கிறேன். போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் ஒரே கேள்வி: "அக்கா, பனிக்கு எந்த வெள்ளை?" எந்த வெள்ளையும் இல்லை! செட்டோடு வருகிற சைனீஸ் வைட் டியூபின் மூடியை நான் திருகியதே இல்லை, பழைய ஆட்களுக்குத் தெரியும். வாட்டர்கலரில் பேப்பர்தான் பனி. வெள்ளையைப் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி செத்துப்போய் நிற்கும். நம் சிங்கப்பூர் ஓவியர் ஓங் கிம் செங், 1990இல் கலாசாரப் பதக்கம் வாங்கியவர், தானே கற்றுக்கொண்டு வரைந்தவர். நேப்பாளத்தையும் நிறைய வரைந்திருக்கிறார். அவர் படங்களில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பாருங்கள், அப்புறம் என்னிடம் கேளுங்கள்.

சரி. பேப்பர்தான் பனி என்றால், பேப்பர் கெட்டால் பனியும் போச்சு. எரிச்சலுக்கு உண்மையான காரணம் அதுதான். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடையில் வாங்கிய 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திப் பேப்பர், நல்ல விலை, துணி அலமாரியில் பத்திரமாக இருந்தது. வானத்துக்கு வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த நிறத்தைப் பரவலாக, இழுக்கிறேன், அங்கங்கே திட்டுத்திட்டாக நீலம் உள்ளே இறங்குகிறது. இந்தப் பேப்பரில் ஜெலட்டின் ஏற்றியிருப்பார்கள், தண்ணீர் சட்டென்று உறிஞ்சாமல் மேலேயே நிற்பதற்காக. நம் ஊர் ஈரப்பதத்தில் அது நாளாக ஆக விட்டுப்போகிறது. விடிவதற்கு முன் 90 சதவீதத்தைத் தாண்டுகிற ஊர் இது. மழை இல்லாத மத்தியானத்தில்தான் 60 பக்கம் வரும்.

அதனால் என்ன செய்தேன்? கேமராவுக்கு வைப்பார்களே, உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கிற டிரை கேபினட், அதை வாங்கினேன். பழைய பொருள் விற்கிற கரூசெல் ஆப்பில், பழையது. விற்கிறவர் அறுபது வெள்ளி, அதாவது அறுபது டாலர், போட்டிருந்தார். முப்பது என்றேன். பதிலே இல்லை. முப்பத்தைந்து. நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. விட்டுவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு அவரே "நாற்பது, நாளைக்கே வந்து எடுக்க வேண்டும்" என்கிறார். ஈசூனில் இருந்து எம்ஆர்டியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன், எதிரே உட்கார்ந்திருந்த ஆன்ட்டி "ஃபிரிட்ஜா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் ஷீட் (முழுப் பேப்பரில் நாலில் ஒரு பங்கு) உள்ளே படுக்கவில்லை! 28க்கு 38 சென்டிமீட்டர். தட்டை எடுத்துவிட்டுக் குறுக்கே சாய்த்து நிறுத்தினால் நிற்கிறது. ஈரப்பத முள்ளை 50 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். நாற்பது வெள்ளி, மக்களே. வீட்டில் யாருக்கும் இந்தச் சந்தோஷம் புரியவில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

இப்போது மலை. டார்ஜிலிங்கில் இருந்து தெரிகிற கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். நம்முடைய புக்கிட் தீமா குன்று 164 மீட்டர். விடியற்காலை நேரம். அங்கிருந்து வடக்கே பார்க்கிறோம், அதனால் வெயில் வலது பக்கம், நிழல் இடது பக்கம். இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

வானத்தை மட்டும் நனைக்கிறேன். சிகரக் கோடு வரைக்கும்தான் தண்ணீர், அதற்குக் கீழே ஒரு சொட்டு இறங்கக் கூடாது. ஈரமும் காய்ந்ததும் சந்திக்கிற அந்த விளிம்பில்தான் மலை கூர்மையாக எழும்பும். அல்ட்ராமரின் நீலத்தை விடுகிறேன், பாருங்கள், பேப்பரின் பள்ளங்களில் நிறத்துகள் போய் உட்காருகிறது. மெதுவாகக் காய்ந்தால் இன்னும் அழகாக உட்காரும், ஈரமான ஊரில் இருப்பதற்கு இந்த ஒரு லாபம். ஹேர் டிரையரை எடுத்து வந்து ஊதிக் கெடுக்காதீர்கள்.

நில்லுங்கள், டேப்பைச் சொல்லவே இல்லை. நாலு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் தொடங்கினேன். பென்சில் கோடும் மிக லேசாக. பனிக்குள் பென்சில் தெரிந்தால் எனக்குப் பிடிக்காது.

நிழலுக்குச் சாம்பல் நிறம் வேண்டாம். பனி நிழலில் வானம்தான் விழுகிறது, அதனால் கோபால்ட் நீலம், துளி பர்ன்ட் சியன்னா பழுப்பு. இடது முகங்களில் ஒரே இழுப்பு, திரும்பத் திரும்பத் தேய்க்கக் கூடாது. பாறைக்கு டிரை பிரஷ், அதாவது ஈரம் குறைந்த பிரஷ்: பிரஷைத் துணியில் ஒற்றி, படுக்கவைத்து, சரிவை ஒட்டி வேகமாக இழுங்கள். பேப்பர் சொரசொரப்பின் மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளமெல்லாம் வெள்ளையாக நிற்கும். இதோ... பார்த்தீர்களா! பாறைக்கு இடுக்கில் பனி தங்கிவிட்டது. எனக்கு இந்த ஒரு நொடிக்காகத்தான் மலை வரையப் பிடிக்கும்.

கடைசியில் சிகரத்தின் வலது முனையில் அலிசரின் சிவப்பைத் தண்ணீரிலேயே கரைத்த மாதிரி ஒரு தொடுதல், விடியல் சிவப்பு. ஐயோ, அது தே ஓ, பால் இல்லாத தேநீர்க் கோப்பை! பிரஷை அதில் விட இருந்தேன். சிரிக்காதீர்கள், உங்களுக்குப் பழகியதுதானே.

முன்னால் வருகிற பைன் மரங்கள் அடுத்த வீடியோவில், இது முழுக்கக் காயட்டும். கேபினட் வாங்கப் போகிறவர்கள் வெளி அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். அறுபது வெள்ளி கொடுக்காதீர்கள்.