கிண்டியில் ஒரு பல்கலைக்கழகம்

நேயர்களுக்கு வணக்கம். அண்ணா பல்கலைக்கழகம் என்றதும் நம் வீடுகளில் பேச்சு எங்கே போகும்? கவுன்சலிங், கட்-ஆஃப், செமஸ்டர் ரிசல்ட், அரியர். அது அரசுப் பணத்தில் நடக்கும் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்பது இந்தப் பேச்சுக்குள் வருவதே இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அதன் வேர் 1794-இல் இருக்கிறது. அந்த ஆண்டு மே மாதம் சென்னையில் ஒரு நிலஅளவைப் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் எட்டே பேர். நிலத்தைச் சரியாக அளந்தால்தான் அன்று ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார் வரி போட முடியும். அளக்கத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. சென்னையில் வான்ஆய்வுக் கூடம் அமையக் காரணமாக இருந்த மைக்கேல் டாப்பிங் சொன்ன யோசனை இது. ஆட்சியாளரின் தேவைக்காகப் பிறந்த பள்ளிதான், மறுக்க வேண்டியதில்லை. அது 1859-இல் பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கிண்டிக் கல்லூரியின் கதையில் நான் அதிகம் மதிப்பது லலிதாவின் கதையை. பதினைந்து வயதில் திருமணம், கைக்குழந்தையோடு இருக்கும்போதே கணவரை இழந்தார். தந்தை அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் கேட்டுக்கொள்ள, அப்போதைய முதல்வர் சாக்கோ ஆதரவு தர, அதுவரை ஆண்களே படித்த அந்தக் கல்லூரியில் 1940-இல் லலிதாவுக்கு இடம் கிடைத்தது. அடுத்துச் சிவில் படிக்க லீலாம்மா ஜார்ஜும் பி.கே. திரேசியாவும் சேர்ந்தார்கள். மூவரும் பொறியாளர்களாக வெளியே வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்ததை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுக்க வேண்டியிருந்ததாம்! பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிப் பணியில் லலிதாவுக்குப் பங்கு இருந்தது.

அப்புறம் மற்ற கல்லூரிகள். வள்ளல் அழகப்பச் செட்டியார் பெயரில் 1944-இல் வந்தது ஏ.சி. டெக் என்கிற தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே தோல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்திலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமே வகுப்பறை. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் தொடங்கியது எம்.ஐ.டி. என்கிற மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி. நாடு விடுதலை பெற்று இரண்டே ஆண்டில், விமானப் பொறியியலும் மின்னணுவியலும் கற்றுத்தர ஒரு தனி மனிதர் துணிந்தார். அப்துல் கலாம் படித்த இடம் அதுதான். இவற்றோடு கட்டடக்கலைப் பள்ளியையும் சேர்த்து 1978-இல் தமிழக அரசு ஒரே பல்கலைக்கழகமாக்கியது.

அதன் பலன் என்ன என்று கேட்டால், நான் அனுசாட்டைச் சொல்வேன். சுமார் 40 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள். இஸ்ரோவின் வழிகாட்டுதலில் பல்கலைக்கழகத்திலேயே உருவாகி, 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது. இதுபோக, படிக வளர்ப்புக்கு ஒரு மையம், நீர்வளத்துக்கு ஒரு மையம், செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தையும் நீரையும் ஆராயும் தொலையுணர்வுக்கு ஒரு நிறுவனம் என்று கிண்டி வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஏரி, குளம், கடலோரம் என்று நம் மண்ணின் கேள்விகளை எடுத்து ஆராய்கிற இடங்கள் இவை.

ஆனால் 2001-இலிருந்து இதே பல்கலைக்கழகம் மாநிலமெங்கும் உள்ள பொறியியல் கல்லூரிகளுக்கு இணைப்பு தரும் வேலையையும் சுமக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள்! கல்லூரிகளை நேரில் பார்வையிடுவது, வினாத்தாள், விடைத்தாள், மதிப்பெண் பட்டியல். தரத்தை ஒரே கண்ணால் பார்க்க இது உதவுகிறது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. என் கருத்து வேறு. தேர்வு நடத்துவதற்கென்று தனி அமைப்பு இருக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டிய பேராசிரியரின் நேரம் விடைத்தாள் கட்டுகளில் போகக் கூடாது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் சேரப் போகும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்கிறேன். முதல் வருடமே துறையின் ஆய்வுக்கூடங்களுக்குப் போய், அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். யாராவது கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பெற்றோர் கட்டும் வரியில்தான் அவை நடக்கின்றன. வணக்கம்.