துணை இல்லை, சுரண்டல்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

விக்டோரியா ராணி காலத்தில் ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களுக்குக் கப்பலேறி வந்த மருந்துகளும் வீட்டுச் சாமான்களும் துணையாக இருந்தனவா, அவர்களைச் சுரண்டினவா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். டாக்டர் இல்லாத காட்டில் ஒரு புட்டி மருந்து தெய்வம் மாதிரி இருந்ததாம். கூடாரத்தில் கிடந்தவனுக்கு இரும்பு வீடு கூரை கொடுத்ததாம். தையல் மெஷினும் மண்ணெண்ணெய் விளக்கும் பெண்களின் பாரத்தைக் குறைத்தனவாம்.

தையல் மெஷினை நான் மறுக்கவே போவதில்லை. சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்றது, வாங்கியவள் துணி தைத்தாள், மெஷின் ஓடவில்லை என்றால் அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிடும். விளக்கும் அப்படித்தான். வாங்குகிறவன் தன் கண்ணால் சோதித்துப் பார்க்க முடிந்த எந்தப் பொருளோடும் எனக்குச் சண்டை இல்லை. சோதிக்கவே முடியாத பொருளைக் கொண்டுபோய், சோதிக்கவே முடியாத ஊரில் விற்றார்களே, அதைத்தான் நான் சுரண்டல் என்கிறேன்.

இரும்பு வீட்டைப் பார்ப்போம். 1851ல் விக்டோரியா மாகாணத்தில் தங்கம் கிடைத்ததும் மெல்போர்னில் கூட்டம் குவிந்தது. யாரா ஆற்றின் தென்கரையில் கேன்வாஸ் டவுன் என்று ஒரு கூடார நகரமே முளைத்தது. அந்த நெருக்கடிக்குத்தான் இங்கிலாந்திலிருந்து நெளிதகட்டு வீடுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றில் சில தெற்கு மெல்போர்னில் இன்றும் நிற்கின்றன, போய்ப் பார்க்கலாம். கூரை கிடைத்தது உண்மை. ஆனால் மேகம் மூடிய ஊரில் செய்த தகரத்தை, கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊரில் நிறுத்தினால் உள்ளே இருப்பவர் பாடு என்ன? ஜனவரி மாத மத்தியானத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து சமைத்தவளிடம் கேட்டிருக்க வேண்டும், துணையா சுரண்டலா என்று. சரி, வீட்டை இதோடு விடுகிறேன். என் வழக்கு மருந்துப் புட்டியைப் பற்றியது.

ஹாலோவே மாத்திரை, ஹாலோவே களிம்பு. தாமஸ் ஹாலோவே என்பவர் 1837ல் லண்டனில் தொடங்கிய வியாபாரம். காலனிப் பத்திரிகைகளில் அவர் விளம்பரம் எப்படி இருக்கும் தெரியுமா? குளிர்காய்ச்சல், ஆஸ்துமா, பித்தம், சயரோகம், வலிப்பு, கீல்வாதம், காமாலை, மூலம், கட்டி, புண், குடல்புழு என்று அகராதி மாதிரி ஆங்கில எழுத்து வரிசையில் நோய்களை அடுக்கியிருப்பார். எல்லாவற்றுக்கும் அதே மாத்திரைதான். பக்கத்தில் குணமானவர்கள் எழுதிய கடிதம். குழந்தையைப் பறிகொடுத்தவள் ஒரு கடிதம் எழுதியிருந்தால் அது எந்தப் பத்திரிகையில் வந்திருக்கும் நடுவர் அவர்களே? அந்த விளம்பரக் காசில் நடந்த பத்திரிகையிலா? 1883ல் அவர் இறந்த சமயத்தில் விளம்பரத்துக்கு மட்டும் வருஷம் 50,000 பவுண்டு செலவு. அது மாத்திரை வாங்கியவர்கள் கொடுத்த காசு.

அப்புறம் பீச்சம் மாத்திரை. 'பெட்டி ஒன்று ஒரு கினி பெறும்' என்பது அதன் விளம்பர வாசகம். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். பெட்டியின் விலையோ 1 ஷில்லிங் ஒன்றரை பென்னி, அதாவது மொத்தம் பதிமூன்றரை பென்னி. ஆகா, எவ்வளவு மலிவு என்று ஏழை வாங்கினான். 1909ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதைப் பிரித்துப் பார்த்தது. கற்றாழைப் பால், இஞ்சிப் பொடி, சோப்பு. 56 மாத்திரைக்கும் சேர்த்து மூலப்பொருளின் அடக்க விலை ஏறக்குறைய அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் அடக்க விலையைப்போல் 108 மடங்குக்கு விற்றிருக்கிறார்கள். வயிறு இளகும், அவ்வளவுதான் பலன்.

இதுவாவது பணத்தோடு போனது. எதிரணி நண்பர் உருகி உருகிப் பேசினாரே, குளோரோடின், அதற்கு வருகிறேன். அது நம் இந்தியாவில் பிறந்த மருந்து. 1848ல் இங்கே ராணுவத்தில் இருந்த ஜான் காலிஸ் பிரவுன் என்ற வெள்ளைக்கார டாக்டர், காலராவுக்கென்று கலந்தது. அபினிச் சாராயம், கஞ்சா, குளோரோஃபாம், மூன்றும் ஒரே புட்டியில். வயிற்றுப்போக்கு நின்றது என்கிறார் நண்பர். நிற்கும்தான், அபினி குடலைக் கட்டிவிடும். ஆனால் காலராவையும் சயரோகத்தையும் தொண்டை அடைப்பான் நோயையும் இது கட்டுப்படுத்தும் என்று விளம்பரத்தில் போட்டார்களே, அதற்கு என்ன பதில்? கட்டிப்போட்டது வலியை. நோய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வலி போனதே என்று குடித்தவர்கள் புட்டியை விட முடியாமல் அடிமையானார்கள்.

1864ல் லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. குளோரோடினைக் கண்டுபிடித்தவர் காலிஸ் பிரவுனா, போட்டிச் சரக்கு விற்ற ஃப்ரீமேனா என்பதுதான் கேள்வி. பிரவுன்தான் என்றார் நீதிபதி. மருந்து நல்லதா கெட்டதா என்று அந்த நீதிமன்றத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வருஷக்கணக்காக விளம்பரத்தில் அந்தத் தீர்ப்பு வந்துகொண்டே இருந்தது. புட்டியின் மேல் அரசு முத்திரை இருக்கிறதா பாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த முத்திரை வரி கட்டியதற்கான ரசீது. அரசாங்கம் சோதித்துக் கொடுத்த சான்று என்று எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்!

எதிரணி இங்கே ஒன்று கேட்கலாம். லண்டன்காரனும் இதே மாத்திரையை வாங்கி ஏமாந்தானே, குடியேறியவனுக்கு மட்டும் என்ன தனி அநியாயம் என்று. இருக்கிறது ஐயா. லண்டன்காரன் கடை வாசலில் போய் நின்று சத்தம் போடலாம், அடுத்த தெருவில் ஒரு டாக்டரிடம் காட்டலாம். ஆஸ்திரேலியக் காட்டில் ஆடு மேய்த்தவனுக்கு அந்தக் கடை மூன்று மாதக் கப்பல் பயணத்தில் இருந்தது. டாக்டர் இல்லாத ஊரில் மருந்து துணை என்று நண்பர் சொன்ன அதே காரணத்தைத்தான் நானும் சொல்கிறேன். டாக்டர் இல்லை என்று தெரிந்துதான் அங்கே குறிவைத்து விற்றார்கள்.

குடியேறியவர்கள் கைநீட்டும் தூரத்திலேயே மருந்து இருந்தது. யூகலிப்டஸ் இலையை அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1850களில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர் மெல்போர்னுக்குப் பக்கத்தில் அதிலிருந்து தைலம் வடிக்க ஆரம்பித்தார். அந்த ஆஸ்திரேலிய மரம் ஊட்டி மலைக்கு வந்ததால்தான் நாம் நீலகிரித் தைலம் என்கிறோம். பொசிஸ்டோவும் வியாபாரிதானே என்று எதிரணி எழுந்தால், ஆமாம், வியாபாரிதான். அவர் எதிலிருந்து வடித்தார் என்று ஊருக்கே தெரியும். இலை கண்முன்னால் மரத்தில் தொங்கியது.

இன்னும் ஒரு புட்டி இருக்கிறது. மிஸஸ் வின்ஸ்லோ சூதிங் சிரப். அமெரிக்காவில் 1849ல் பிறந்து காலனிகள் வரை வந்தது. பல் முளைக்கும் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு அவுன்ஸில் 65 மில்லிகிராம் மார்ஃபின். பெரியவர்களுக்கே இன்று அளந்து அளந்து கொடுக்கும் சரக்கு. ராத்திரி. புருஷன் மந்தையோடு போயிருக்கிறான். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. ஈறு வீங்கிய குழந்தை விடாமல் அழுகிறது. அவள் விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றுகிறாள். சிந்தாமல், அக்கறையாக ஊற்றுகிறாள். குழந்தை அழுகையை நிறுத்துகிறது. அவள் அதைத் தூக்கம் என்று நினைக்கிறாள். சில வீடுகளில் அது தூக்கமாகவே இருந்தது. சில வீடுகளில் குழந்தை எழுந்திருக்கவில்லை. அந்தத் தாய்மார்களின் கை தங்களை அறியாமல் செய்த காரியம் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இறக்குமதியாகும் மருந்தின் மேல் உண்மையான விவரம் போட வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் தேசிய அளவில் சட்டம் வர 1905 ஆயிற்று. 1907ல் இந்த ரகசிய மருந்துகளை விசாரித்து அறிக்கை கொடுத்த அரச ஆணையர் ஆக்டேவியஸ் பீல், சிட்னியில் பியானோ செய்து விற்ற ஒரு தொழிலதிபர். விக்டோரியா ராணியின் 63 வருஷ ஆட்சி அதற்குள் முடிந்துபோயிருந்தது.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டது. தீர்ப்பு எழுதும்போது எதிரணி வைத்த தையல் மெஷினையும் விளக்கையும் தராசின் ஒரு தட்டில் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னொரு தட்டில் அந்த ஸ்பூனை வையுங்கள். நன்றி, வணக்கம்.